மாமா வீட்டில் ஆடு கிடையாது

நவம்பர் 7, 1971 – ஞாயிறு

டைரி வைக்கக்கூடாது என்பது இங்கே உத்தரவு. ஊர்ப் பேர், விமானத்தின் நம்பர், யார் எங்கே போனார்கள் என்பதெல்லாம் எதிரி கையில் சிக்கிவிடுமாம். அதனால் இந்த நோட்டில் அதெல்லாம் இருக்காது. எதிரி இதைப் படித்தால் அவனுக்குத் தெரியவரப்போவது ஒன்றே ஒன்றுதான். உசிலம்பட்டிப் பக்கம் மேலக்கரட்டுப்பட்டியைச் சேர்ந்த கார்ப்பரல் காசிமாயன், வயது இருபத்து நாலு, தாய்மாமன் மகள் பஞ்சவர்ணத்தை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான். அதை வைத்து அவன் என்ன கிழித்துவிடப் போகிறான்?

நான் இருப்பது கிழக்கே ஒரு மூலை. தேயிலைத் தோட்டம், மூங்கில் காடு, எலும்பைக் கடிக்கிற குளிர். டகோட்டா விமானத்தில் நான் சிக்னலர். பைலட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் ரேடியோ, அதற்கு ஒரு நாற்காலி. அதுதான் என் சமஸ்தானம். மலைமேல் காவல் இருக்கிற பட்டாளத்துக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் வானத்திலிருந்து போடுகிறோம். ஆள் போதாவிட்டால் நானும் எழுந்துபோய் மூட்டை தள்ளுவேன்.

இன்று ஓய்வு. துணி துவைத்தேன். சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். மாமாவுக்குக் கடிதம் எழுதினேன்.

கூடாரத்தில் மற்றவர்கள் எல்லாம் காதலிக்கு எழுதுகிறார்கள். நான் சிவனாண்டி மாமாவுக்கு எழுதுகிறேன். வேறென்ன செய்ய? கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குக் கடிதம் போட்டால் ராக்கு அத்தை ஊரையே கூட்டிவிடுவாள். ஆனால் மாமாவுக்குக் கண்ணில் புரை. வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவது பஞ்சவர்ணம். அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் பஞ்சவர்ணம். ஆகவே இன்று நான் எழுதியதில் முக்கியமான இடம் வருமாறு:

"மாமா, ராத்திரி கண்ணை மூடினால் தங்கள் முகம்தான் வருகிறது. மேகத்துக்கு மேலே போகும்போது தாங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து கிளம்பிய அன்று தாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது."

மாமா ஆள் ஆறடி, முறுக்கு மீசை. கதவுக்குப் பின்னால் நிற்கிற ஜாதி இல்லை. நின்றாலும் பாதிதான் மறையும்.

என் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விடும்படியும் எழுதினேன். முதல் சம்பளத்தில் வாங்கியது. மாமா வீட்டில் பூட்டி நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் 18 – வியாழன்

பதில் வந்துவிட்டது! அந்த உருண்டை உருண்டையான கையெழுத்தைப் பார்த்ததுமே பசி போய்விட்டது.

"மாப்பிள்ளை காசிக்கு மாமன் எழுதிக்கொண்டது. உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என்மேல் நீ வைத்திருக்கிற பிரியத்தை நினைத்து மனசு குளிர்ந்தது. சைக்கிளுக்கு ஒரு குறையும் இல்லை. நம் வீட்டு வெள்ளாடுதான் நீ போனதிலிருந்து சரியாகத் தீனி எடுப்பதில்லை. இளைத்துவிட்டது. எந்நேரமும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது."

மாமா வீட்டில் ஆடு கிடையாது. என்றைக்குமே கிடையாது. அத்தைக்கு ஆட்டு வாடையே ஆகாது.

எழுந்து குதித்ததில் கூடாரத்துக் கம்பில் மண்டை இடித்து வீங்கிவிட்டது. பரவாயில்லை, வீங்கட்டும்.

கூடவே பேச்சியக்காவின் கடிதமும் இருந்தது. அப்பா அம்மா போனபிறகு என்னை ஆளாக்கியவள் அவள்தான். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "தம்பி, கார்த்திகைக் கடைசி முகூர்த்தம் டிசம்பர் ஒன்பது, வியாழக்கிழமை. அன்னைக்கு உனக்கும் பஞ்சவர்ணத்துக்கும் கல்யாணம்னு பேசி முடிச்சாச்சு. ஆனா அத்தை ஒரே பிடியா நிக்கிறா. ஆகாசத்துல போறவனை நம்பிப் பொண்ணை எத்தனை நாளைக்கு வச்சிருக்கன்னு கேக்குறா. அன்னைக்கு நீ வந்து மணையில உக்காரலைன்னா, அதே பந்தல்ல, அதே முகூர்த்தத்துல அவ அண்ணன் மகன் ஜெயக்கொடி உக்காருவானாம். மாமாவும் சரின்னு தலையாட்டிட்டாரு. தலையை அடகு வச்சாவது வந்து சேரு."

ஜெயக்கொடிக்குத் தேனியில் பருத்தி மண்டி இருக்கிறது. அவன் பறந்த அதிகபட்ச உயரம் பஸ்ஸின் மேற்கூரை.

உடனே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 21 – ஞாயிறு

சாப்பாட்டுக் கூடத்தில் கல்யாணப் பேச்சு. சார்ஜண்ட் ஹர்பன்ஸ் சிங், ஜலந்தர்க்காரர், எங்கள் விமானத்தின் இஞ்சினுக்குத் தாயும் தகப்பனும் அவர்தான். தன் கல்யாணத்தில் குதிரை மிரண்டு தலைப்பாகையோடு தன்னை வாய்க்காலில் தள்ளியதைச் சொன்னார். உங்கள் ஊரில் மாப்பிள்ளை என்ன செய்வான் என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடையாது, தாலி கட்டுவதுகூட அவனுடைய அக்காளோ தங்கச்சியோதான், அவன் மாலையோடு உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன். ஹர்பன்ஸ் சிங் தாடி குலுங்கச் சிரித்தார். "அப்படியானால் உனக்கு எதற்கு லீவு? அக்காளை அனுப்பிவிட்டு நீ இங்கே மூட்டை தள்ளு" என்றார். கூடமே சிரித்தது.

எனக்கு வந்ததே கோபம்! மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடக்க அது என்ன கோயில் திருவிழாவா என்று எகிறிவிட்டேன். பிறகு அவரே ஒரு கரண்டி அல்வா கூடுதலாக வாங்கிக் கொடுத்தார். அல்வாவுக்காகச் சமாதானம் ஆனேன்.

நவம்பர் 29 – திங்கள்

லீவு கிடைத்துவிட்டது! டிசம்பர் நாலாம் தேதி காலை கிளம்பலாம்.

டவுனுக்குப் போய் அஸ்ஸாம் பட்டில் ஒரு புடவை எடுத்தேன். பொன் நிறம். விலையைச் சொன்னால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். கடைக்காரர் பெண்ணின் நிறம் என்ன என்று கேட்டார். புதுக் கருப்பட்டி நிறம் என்று தமிழில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை என்றாலும் சரியான புடவையைத்தான் எடுத்துப் போட்டார்.

துளசிராமை இன்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரை கீழவாசல்காரன், சௌராஷ்டிரப் பையன், இங்கே தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள். ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாமாவுக்கு ஒரு டப்பா டீத்தூள் கொடுத்தனுப்பினேன். "கால் கொஞ்சம் சரியானதும் உசிலம்பட்டி பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்குறேன், கவலைப்படாதே" என்றான். அதற்குள் நானே போய்ச் சேர்ந்து மாப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன், வந்து சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன்.

டிசம்பர் 4 – சனி

நேற்று ராத்திரி சண்டை ஆரம்பித்துவிட்டது. எல்லா லீவும் ரத்து.

பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தேன். அதை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். லீவைக் கவனிக்கிற அட்ஜுடண்ட் ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். "உன் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல், சண்டையைத் தள்ளிவைக்க முடியாது" என்றார். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

மாமாவுக்குத் தந்தி அடித்தேன். லீவு ரத்து, தயவுசெய்து தைக்குத் தள்ளவும். மார்கழியில் எவனும் கல்யாணம் செய்யமாட்டான். இந்த ஒன்பதாம் தேதியை மட்டும் தாண்டிவிட்டால் தை பிறக்கிறவரைக்கும் மூச்சுவிடலாம். ஆனால் தாண்டவேண்டுமே.

சாயங்காலம் முதல் தடவையாக எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வந்தோம். கீழே ஆங்காங்கே பொறிபொறியாக வெளிச்சம். திரும்பி இறங்கியபோது கால் நடுங்கியது. கதவைக் கழற்றிவிட்ட விமானம், குளிர் அப்படி.

டிசம்பர் 7 – செவ்வாய்

ஊரிலிருந்து தந்தி! நின்ற இடத்திலேயே பிரித்தேன். அதில் மூன்றே சொல். "சைக்கிள் சாவி எங்கே."

அவ்வளவுதான். கல்யாணம் உண்டா இல்லையா, ஒன்றும் கிடையாது. என் வாழ்க்கையே கவிழ்ந்துகொண்டிருக்கிறது, இவர்களுக்குச் சைக்கிள் சாவி வேண்டுமாம்! தேனியிலிருந்து வந்து இறங்கியிருக்கிற பருத்தி மண்டிக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க வண்டி வேண்டும்போல. பெண்ணும் வேண்டும், சைக்கிளும் வேண்டும்!

சாவி என் அரைஞாணில்தான் இருக்கிறது. பதில் போடமாட்டேன். நாளை வேறு இடத்துக்கு மாறுகிறோம். முன்னால் தள்ளி ஒரு சின்ன ஓடுபாதை. இனிமேல் தபால் எப்போது வருமோ.

டிசம்பர் 9 – வியாழன்

இன்று விசேஷம் ஒன்றுமில்லை.

காலையில் ஒரு தடவை போய் வந்தோம். பருப்பு மூட்டை. போடவேண்டிய இடத்துக்கு மேலே வட்டமடிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதே முக்கால். முகூர்த்த நேரம். இந்நேரம் அங்கே நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கன்னத்தை உப்பியிருப்பார் என்று நினைத்தேன். அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. யாரும் கூப்பிடவில்லை, நானாக எழுந்து பின்னால் போய், மூட்டை தள்ளுகிற பட்டாளத்துப் பையன்களோடு சேர்ந்து தள்ளினேன். ஜெயக்கொடியைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு தள்ளினேன். ஒரே மூச்சில் எல்லாம் போய்விட்டது.

திரும்பி வந்து பார்த்தால் என் நாற்காலியின் முதுகில் ஓர் ஓட்டை. கீழேயிருந்து வந்து மேஜையைத் துளைத்து, நாற்காலியைத் துளைத்து, மேலே போயிருக்கிறது. ரேடியோ தப்பித்தது. இறங்கியதும் ஹர்பன்ஸ் சிங் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீ வாங்கி வந்தார். டம்ளர் கையில் நிற்கவில்லை. குளிர்தான்.

மத்தியானம் பூரி, உருளைக்கிழங்கு. நாற்காலிக்கு ஹர்பன்ஸ் சிங் ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

டிசம்பர் 10 – வெள்ளி

ஒட்டுப் போட்ட நாற்காலி முதுகில் உறுத்துகிறது.

டிசம்பர் 16 – வியாழன்

சண்டை முடிந்தது! ஜெயித்துவிட்டோம்! ஹர்பன்ஸ் சிங் விமானத்தின் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். எங்கள் பைலட் போஸ்லே சார், சிரித்தே பார்த்திராத மனுஷன், காலி எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு ஆடினார். நானும் ஆடினேன். குத்து ஆட்டம் என்றால் என்ன என்று இந்த மூலைக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

எல்லாரும் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எழுந்து வந்துவிட்டேன். ஊரில் மார்கழி பிறந்திருக்கும். ஒன்பதாம் தேதி என்ன நடந்ததோ தெரியவில்லை. மாமா என்னைக் கைவிட்டிருக்கமாட்டார் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அத்தையின் குரலை நினைத்தால் மறு பக்கம் தோன்றுகிறது.

டிசம்பர் 19 – ஞாயிறு

துளசிராமின் கடிதம். தபாலில் வரவில்லை. லீவு ரத்தாவதற்கு முன்பே மதுரைப் பக்கம் போய்க் காய்ச்சலில் படுத்துவிட்ட பக்கத்து யூனிட்காரன் ஒருவன் திரும்பி வரும்போது கையோடு கொண்டுவந்தான்.

"காசி, மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி. திங்கட்கிழமை கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு உங்க மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. டீத்தூளை வாங்க வந்தது உன் பஞ்சவர்ணம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, புதுத் தாலி. மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை. அந்தப் பெண்ணோ சிரித்த முகமாகக் காப்பி சாப்பிட்டுப் போங்க அண்ணே என்கிறது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். உன் சைக்கிள் முற்றத்தில் நின்றது. பூட்டு உடைந்திருக்கிறது. கைப்பிடியில் வாடிய மாலை ஒன்று கிடந்தது. தைரியமாக இரு."

படித்தேன். மறுபடியும் படித்தேன். என் பூட்டை உடைத்து, என் சைக்கிளில் மாலையும் கழுத்துமாக ஊர்வலம் போயிருக்கிறான் ஜெயக்கொடி!

அவள் சிரித்தாளாம். அதுதான் தாங்கவில்லை. ஆடு ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று எழுதிய கை.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். இதற்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது.

டிசம்பர் 20 – திங்கள்

முடிவு செய்துவிட்டேன். நான் ஆண்பிள்ளை, அதிலும் ஜெயித்த பட்டாளத்து ஆண்பிள்ளை. ரோஷமாக நடந்துகொள்வேன்.

முதல் காரியமாகப் பட்டுப் புடவையை ஹர்பன்ஸ் சிங்கிடம் கொடுத்து, உங்கள் வீட்டம்மாவுக்கு அனுப்புங்கள் என்றேன். என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கிற நிலைமையில் இல்லை, வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது காரியமாகப் பஞ்சவர்ணத்துக்கு நேராகவே ஒரு கடிதம் எழுதினேன். இனி யாருக்குப் பயம்? மூன்று தடவை கிழித்து நாலாவது தடவை நாகரிகமாக வந்தது. "சௌபாக்கியவதி பஞ்சவர்ணம் அவர்களுக்கு, தங்களுக்குத் திருமணம் ஆன செய்தி அறிந்து மகிழ்ச்சி. தங்கள் கணவர் எப்படிப்பட்டவர், குணம் எப்படி, தங்களை நன்றாக வைத்துக்கொள்கிறாரா என்பதை ஓர் உறவினன் என்ற முறையில் அறிய ஆவல். அவர் என் சைக்கிளை உபயோகிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சாவியை இத்துடன் அனுப்பியுள்ளேன். நீடூழி வாழ்க."

கடைசி வரியில் ஒரு சொட்டு விழுந்து மை கரைந்துவிட்டது. கரையட்டும், பார்க்கட்டும். மத்தியானத் தபாலிலேயே போட்டுவிட்டேன்.

டிசம்பர் 25 – சனி

ஐயோ, ஐயோ, ஐயோ!

பழைய முகாமில் தேங்கிக் கிடந்த தபால் பை இன்று வந்தது. பேச்சியக்காவின் கடிதம், தேதி டிசம்பர் பத்து. அப்படியே எழுதி வைக்கிறேன். என் பிள்ளைகள் ஒருநாள் படிக்கட்டும்.

"தம்பி காசிக்கு அக்கா ஆசீர்வாதம். உனக்கு நேத்துக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. உன் தந்தி வந்த அன்னைக்கு அத்தை எழுந்திருச்சு, ஜெயக்கொடிக்கு ஆள் அனுப்புங்கன்னு சொல்லிட்டா. மாமா மீசையைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தவரு, எந்திருச்சு நின்னாரு. ராத்திரி கண்ணை மூடினா என் முகம்தான் வருதுன்னு எழுதுற பிள்ளைடி அவன், அவனை விட்டுட்டு எவனுக்குக் கட்டச் சொல்றன்னாரு. மாப்பிள்ளை இல்லாம எப்படின்னு அத்தை கேட்டா. தாலி கட்டுறது பேச்சிதான? அவன் வந்தாலும் சும்மாதான உக்காந்திருப்பான்? அவன் அப்பன் பர்மாவுல மாட்டிக்கிட்டப்ப, அவன் கம்பை மணையில வச்சுத்தான என் தங்கச்சிக்குத் தாலி கட்டுனோம்னு ஒரே போடாப் போட்டாரு. அத்தை முறத்தை எடுத்துக்கிட்டு அரிசி புடைக்க உக்காந்துட்டா.

நீ எங்க கம்பு பிடிச்ச? உன் போட்டோவை வைக்கலாம்னேன். உசிரோட இருக்கிற பிள்ளை படத்துக்கு மாலை போடுவீகளான்னு அத்தை என் வாயில அடிச்சா. அப்புறம்தான் சைக்கிளை வைக்கலாம்னு மாமா சொன்னாரு. சாவி கேட்டுத் தந்தி குடுத்தோம், நீ பதில் போடல. பூட்டைக் கல்லால உடைச்சு, மணையில நிறுத்தி, பட்டுத்துண்டு கட்டி, மாலை போட்டோம். ஜெயக்கொடி சாப்பிட வந்தவன், சைக்கிளைப் பார்த்து ரொம்ப நேரம் நின்னுட்டு மொய் எழுதிட்டுப் போனான். பாவம், நல்ல பய. காலையில ஒன்பதே முக்காலுக்கு நான்தான் மூணு முடிச்சும் போட்டேன். பஞ்சவர்ணம் சைக்கிளைச் சுத்தி வந்து கும்பிட்டா. நீ எங்க இருக்கியோ, சாப்பிட்டியோன்னு நெனச்சு எனக்குக் கண்ணு ரொம்பிருச்சு."

ஒன்பதே முக்கால்.

நாற்காலியில் ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

பதினாறு நாளாக நான் கல்யாணமானவன், எனக்கே தெரியாது! பிறகுதான் என் கடிதம் ஞாபகம் வந்தது. கட்டிய மனைவிக்கு, உன் புருஷன் குணம் எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறேன். தபால் கூடாரத்துக்கு ஓடினேன். அது போய் அஞ்சு நாளாகிறது என்றான் அந்தக் கடன்காரன்.

அங்கிருந்து ஹர்பன்ஸ் சிங்கிடம் ஓடினேன். புடவை ஜலந்தருக்குப் போயிருந்தால் எந்த முகத்தோடு கேட்பது? அவர் கதையைக் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "தாலி கட்டுவது அக்காள் என்று நீதானே சொன்னாய்? அதைத்தான் அன்றைக்குச் சொல்லவந்தேன், நீ நின்றால்தானே" என்றார். பெட்டியைத் திறந்து புடவையை எடுத்தார். "கோபக்காரன் கொடுத்த பட்டை என் பெண்டாட்டி எதற்குக் கட்டவேண்டும்? உனக்குப் புத்தி வரட்டும் என்று வைத்திருந்தேன்" என்றார்.

அவர் காலில் விழுந்தேன். கூடுதலாக ஒரு கரண்டி அல்வா இன்று என் செலவு.

ஜனவரி 6, 1972 – வியாழன்

பஞ்சவர்ணத்தின் பதில். மாமா பேரில் இல்லை. அவள் பேரிலேயே, உறையின்மேல் 'திருமதி' போட்டு.

"அன்புள்ள மச்சானுக்கு, பஞ்சவர்ணம் எழுதிக்கொண்டது. என் கணவரைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். ஓர் உறவினர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது சொல்லாமல் இருக்கலாமா?

அவர் கறுப்பு நிறம், ஒல்லி உடம்பு. அதிகம் பேசமாட்டார், மணியை அழுத்தினால் மட்டும் ஒரு சத்தம் போடுவார். குடி, சீட்டு ஒன்றும் கிடையாது. கல்யாணத்தன்று மணையில் ஆடாமல் அசையாமல் நின்றார், மாலையைக் கழற்றும்போதுதான் அம்மா மேல் சாய்ந்துவிட்டார். தினமும் துடைத்து எண்ணெய் விடுகிறேன். ஒரே குறை, சந்தேகப் பிராணி. ஊரில் எவனோ சொன்னதைக் கேட்டு, கட்டின பெண்டாட்டிக்கே நீடூழி வாழ்க என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரியில் மை கரைந்திருந்ததால் மன்னித்துவிட்டேன். சாவி வந்து சேர்ந்தது. பூட்டுதான் இல்லை. சீக்கிரம் வரவும்.

இதற்குக் கீழே அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்:

மாப்ள, எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாக் கேக்கும். எந்தப் பயலாவது தாய்மாமன் கதவுக்குப் பின்னால நின்னு சிரிச்சதை நெனச்சுத் தூங்காமக் கிடப்பானா? அவ வாசிக்கையில குரல் தடுமாறுனதும் எனக்குக் கேட்டுச்சு. நம்ம வீட்டுல ஆடு ஏதுன்னு நான் ஒருநாளும் கேக்கல. கேட்டா நீங்க எழுதுறதை நிறுத்திருவீகளே. வா, வந்து உன் ஆட்டைப் பாரு. இப்பத்தான் தீனி எடுக்குது."

லீவு கிடைத்துவிட்டது. நாளை மறுநாள் ரயில்.

ஜனவரி 16 – ஞாயிறு

ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது. ரோட்டில் இறங்கியதும் மாமா கட்டிப்பிடித்த பிடியில் விலா எலும்பு வலிக்கிறது. அத்தை ஆரத்தி எடுத்துவிட்டு, "அன்னைக்கே பந்தலைப் போடச் சொன்னது நாந்தான் மருமகனே, இல்லேன்னா இந்தக் கல்யாணம் நடந்திருக்குமா" என்றாள். ஆமாம் அத்தை என்றேன். நாற்காலி ஓட்டையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. எதற்கு, பயந்துபோவார்கள். சண்டை எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே குளிர் என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கறிச்சோறு தயாராகிறது. நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுக் கிணற்றில் குளிக்கப் போகிறேன்.

*

கையெழுத்து மாறியிருக்கும். எழுதுவது பஞ்சவர்ணம்.

நோட்டு முழுவதையும் படித்துவிட்டேன் மச்சான். டைரி வைக்கக்கூடாது என்றால் வைக்கக்கூடாது, வைத்தால் ஒளித்தாவது வைக்கவேண்டும். நான் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளே வந்து என்ன என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதிக்கு 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நமக்குக் கல்யாணம். பேச்சி மதினி முடிச்சுப் போடும்போது நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறீர்கள். அந்த இடத்துக்குமேல் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. கேட்டால் உங்கள்மேல்தான் பழி போடுவேன்.

கால் நடுங்கியது, டம்ளர் நிற்கவில்லை, எல்லாம் குளிர் என்று எழுதிய இடங்களில் அதை அடித்துவிட்டுப் பயம் என்று திருத்தியிருக்கிறேன். இனிமேல் பயந்தால் பயந்தேன் என்றே எழுதவும். அப்பாவுக்கு வேண்டாம், எனக்கே எழுதவும்.